சட்டியில் கிடந்த நெஞ்செலும்பு

காலையில் குளியலறைக் கதவைத் திறந்தால் வாளிக்குப் பின்னால் ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. தண்ணீர் போகும் குழாய் வழியாக ஏறி வந்திருக்கும். என்னைப் பார்த்து அது ஓடவில்லை. உடம்பை உப்பிக்கொண்டு அப்படியே இருந்தது. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அவரைக்கொட்டை போல அந்த நச்சுச் சுரப்பிகள். துடைப்பத்துக்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது. "அது பாட்டுக்கு ஒக்காந்திருக்கு, ஒனக்கு என்னடி?" என்று உன் குரல் காதுக்குள் கேட்டது. போய்ச் சேர்ந்த பிறகும் என்னை அதட்டுகிறாயே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

குவளையால் மூடி, அடியில் பழைய காலண்டர் அட்டையைச் செருகி, கொல்லையில் முருங்கை மரத்தடியில் கொண்டுபோய் விட்டேன். அதன் வாடை குவளையிலேயே தங்கிவிட்டது. நனைந்த சாக்கும் கசக்கிய இலையும் கலந்த மாதிரி ஒரு வாடை. சோப்புப் போட்டுக் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். இத்தனை வருஷம் கழித்தும் முதல் மழைக்கு எனக்கு இப்படித்தான் ஆகிறது. இதை யாரிடம் சொல்வது? தெரிந்தவள் நீ ஒருத்தி. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் கல்லூரி நாட்களில் உனக்கும் எனக்கும் ஆய்வகத்தில் ஒரே மேஜை. அப்போதெல்லாம் தவளையை அறுத்துத்தான் விலங்கியல் படித்தோம். ஃபார்மலின் நெடி எனக்குக் குமட்டும். இதயம் எங்கே, ஈரல் எங்கே என்று காட்டி மதிப்பெண் வாங்கினால் போதும், ஓடிவிடலாம் என்றிருப்பேன். நீ விடமாட்டாய். அறுத்து முடித்த தவளையின் வாயைத் திறந்து, என் ஆள்காட்டி விரலை இழுத்து அதன் மேல் தாடையில் ஓட்டுவாய். உப்புத்தாள் மாதிரிச் சொரசொரக்கும். "பல்லுடி. தேரைக்கு இது கெடையாது, வழவழன்னு இருக்கும்" என்பாய். அதோடு விட்டாயா? நெஞ்சுக்கூட்டைப் பிரித்துக் காட்டுவாய். தவளைக்கு இடது, வலது எலும்புகள் நெஞ்சின் நடுவில் ஒட்டி இறுகிப்போய்விடும். தேரைக்கு ஒட்டாது. ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும். அழுத்தினால் வழுக்கும். தோலின் நிறத்தையும் முதுகின் சொரசொரப்பையும் நம்பாமல், அந்தக் காலத்தில் எலும்பைப் பார்த்துத்தான் குடும்பம் பிரித்தார்கள் என்று உனக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

"பொண்ணு பாக்க வந்த வீட்டுக்காரங்க மாதிரி தவளைக்குக் குலம் கோத்திரம் விசாரிக்கிறியே" என்று நான் கேலி செய்வேன்.

பிறகு இரண்டு பேருக்கும் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அதற்குள் நாம் படித்த பெயர்களெல்லாம் மாறிவிட்டன. ரானா டைக்ரினா என்று நாம் மனப்பாடம் செய்த பெரிய தவளை ஹோப்ளோபட்ராக்கஸ் ஆகிவிட்டது. பூஃபோ என்று படித்த தேரை டட்டாஃப்ரைனஸ். ஆசிரியர் அறையில் நீ இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பேர மாத்திக்கிட்டே இருக்கத்தான் ஒங்க ஆளுக சம்பளம் வாங்குறாங்களா?"

"பேரு மாறும்டி. நெஞ்செலும்பு மாறாது."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னாய். நான் அதையும் கேலிதான் செய்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி வரை ஒரு பொட்டு மழை இல்லை. முந்திரித் தோப்பெல்லாம் காய்ந்து கிடந்தது. பிறகு ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்தது. ஊரே குளிர்ந்துபோக, என் மகளுக்கு மட்டும் மூச்சிழுப்பு வந்துவிட்டது. அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. என் வீட்டுக்காரர் வேலை விஷயமாகச் சென்னையில் இருந்தார். வீட்டில் இருந்தது என் கொழுந்தன். துபாயில் ஏசி மெக்கானிக். விடுப்பில் வந்து, திரும்பிப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். "நீங்க ஸ்கூலுக்குப் போங்க அண்ணி, பாப்பாவ நான் பாத்துக்கிறேன்" என்றார். பாப்பா என்றால் அவருக்கு உயிர். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே அவரிடமிருந்து போன். "அண்ணி, பாப்பா வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கா. கூப்புட்டா கண்ணத் தொறக்க மாட்டேங்குறா. வெரசா வாங்க."

உன் ஸ்கூட்டரில்தான் போனோம். வாசலில் இறங்கியதும் நான் செருப்போடு உள்ளே ஓடினேன். பாப்பா பாயில் கிடந்தாள். வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. நெற்றி சில்லிட்டு வேர்த்திருந்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு கத்தினேன். நீ கத்தவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாய்.

"இத்தன வாந்தி எடுத்த புள்ளைக்கு நாடி வேகமா ஓடணும்டி. இது என்ன இப்புடி மெதுவாப் போகுது?" என்றாய். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பி, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டாய்.

"இட்லிதான் டீச்சர். வேற ஒண்ணும் இல்ல."

பக்கத்து வீட்டுக் கார் வந்தது. நான் பாப்பாவோடு பின்னால் ஏறினேன், கொழுந்தன் முன்னால் ஏறினார். நீ ஏறவில்லை. கொல்லைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு, "நீ போ, நான் வாரேன்" என்றாய். அந்த நேரத்தில் என்னைத் தனியாக விட்டுவிட்டாயே என்று புதுக்கோட்டை வரும் வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். இவளெல்லாம் ஒரு சிநேகிதியா என்றுகூட நினைத்தேன். கொழுந்தன் வழி முழுக்கப் பின்னால் திரும்பியே பார்க்கவில்லை.

அரசு மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா வயதில் சின்னவர். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். இட்லி என்றோம். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும் என்று சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் மேல் என்ன தப்பு? நாங்கள் சொன்னது அவ்வளவுதான். அப்போது உன் போன் வந்தது.

"ஒங்க மதில்ல ஒரு காக்கா எதோட காலையோ கொத்திக்கிட்டு இருந்துச்சுடி. வெரலுக்கு நடுவுல சவ்வு இருந்துச்சு. அதப் பாத்துத்தான் நின்னேன். குப்பக்குழில தவளத் தலையாக் கெடக்கு. ஒன் கொழுந்தன்ட்ட போனக் குடு."

கொடுக்கவில்லை. நானே அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சூப்பு வச்சேன் அண்ணி. தவள சூப்பு குடுத்தா இழுப்பு நிக்கும்னு சொன்னாங்க. காலையில கொளத்துல போயிப் புடிச்சாந்தேன். ஃபாரஸ்ட்காரங்களுக்குத் தெரிஞ்சா கேஸாயிரும், பாஸ்போர்ட்ட முடக்கிருவாங்கன்னு பயந்து சொல்லல."

தவளை பிடிப்பது குற்றம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கேஸ் என்றால் துபாய் வேலை போய்விடும் என்பதும் தெரிந்திருந்தது. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் குழந்தைக்காகக் குளத்தில் இறங்கியிருக்கிறார். இப்போது அதே இரண்டுக்கும் பயந்து டாக்டரிடம் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறார். எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. விலங்கியல் டீச்சர் வீட்டில் தவளை சூப். ஊருக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள் என்ற நினைப்பும், வெட்கமில்லாமல், அந்த நேரத்திலேயே வந்தது.

போனில் நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். "திட்டுறத அப்பறம் வச்சுக்க. எல்லாமே தவளதானா? நடுவுல தேரை ஏதும் இருந்துச்சான்னு கேளு."

"பூராம் தவளதான் அண்ணி, சத்தியமா" என்றார்.

நீ அவர் சத்தியத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மழைச் சேற்றில் குப்பைக்குழி ஓரமாக உட்கார்ந்து, தோலுரித்த தலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மேல் தாடையில் விரலை ஓட்டினாய். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாய் போல. உன் மூச்சு எனக்குக் கேட்டது. நான் வார்டுக்குள் வந்து பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பல்லு இருக்கு... இதுக்கும் இருக்கு... இதுக்கும்." கடைசியில், "கெடக்குற தலை எல்லாத்துக்கும் பல்லு இருக்குடி. தவளதான்" என்றாய்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரிடம் ஓடிப்போய், இட்லி இல்லை, தவளைக்கறி என்று உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தவளையால உயிருக்கு ஒண்ணும் ஆகாதும்மா. சரியா வெந்திருக்காது. சலைன் ஏறட்டும், பாப்போம்" என்றார். நான் முகத்தைக் கழுவிவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

ஆனால் பாப்பாவின் நாடி எனக்குப் பிடிபடவில்லை. ஒரு துடிப்பு வரும். அடுத்தது வரும். அதற்கடுத்தது வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. என் விரல்தான் நழுவிவிட்டதோ என்று மாற்றி வைப்பேன். மறுபடியும் அதே ஓட்டை. நர்ஸைக் கூப்பிட்டேன். "தூங்குற புள்ளைக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் ஒரு பதில் கிடைத்துவிட்டது. எனக்கும்தான். நீ மட்டும் அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போகவில்லை.

பிறகு ஒருநாள் நீ சொன்னாய், ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகுதான் உனக்கு உறைத்ததாம். காக்கை தூக்கிக்கொண்டு போன தலைகளை யார் பார்த்தது? இருக்கிற தலைகளுக்குப் பல் இருந்தால், இல்லாத தலைக்கும் இருக்கும் என்று எப்படிச் சொல்வது? ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மறுபடி எங்கள் அடுப்படிக்குள் போயிருக்கிறாய். மண்சட்டியில் சூப்பு மிச்சம் இருந்திருக்கிறது. அடியில் யாரும் தொடாத எலும்புத் துண்டுகள்.

இரண்டாவது முறை நீ கூப்பிட்டபோது உன் குரலே வேறாக இருந்தது.

"சட்டில நெஞ்செலும்பு கெடக்குடி. ரெண்டு மூணு இறுகிப் போய் இருக்கு. ஒண்ணு மட்டும் அழுத்துனா வழுக்கி மேல ஏறுது. தேரை. சந்தேகமே இல்ல, தேரை. அந்த வெஷம் இதயத்தத்தான் புடிக்கும். இப்பவே டாக்டர்ட்ட ஓடு."

ஓடினேன். டாக்டர் நம்பவில்லை. "தோலே இல்ல, தலையும் இல்லங்கிறீங்க. வெந்த கறிய வச்சுத் தேரைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். காலமெல்லாம் நான் கேலி செய்த பாடத்தை, அந்த இடத்தில் நின்று, ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். தவளைக்கு நெஞ்செலும்பு நடுவில் ஒட்டியிருக்கும் மேடம், தேரைக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், அதை வைத்துத்தான் குடும்பம் பிரிப்பார்கள், என் சிநேகிதி தொட்டுப் பார்த்துவிட்டாள், அவள் தப்பாகச் சொல்லமாட்டாள். கடைசி வார்த்தையில் அழுதுவிட்டேன். அவருக்கு எலும்பு புரிந்ததோ, என் அழுகை புரிந்ததோ, ஈசிஜி எடுக்கச் சொன்னார். தாளில் கோடு வர வர அவர் முகம் மாறியது. அடுத்த நிமிஷம் கட்டிலையே தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினார்கள். கண்ணாடிக் கதவு என் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது.

அதற்கப்புறம்தான் நீ வந்தாய். தலை முதல் கால் வரை சேறு. ஸ்கூட்டரில் காலடியில் சட்டியை வைத்து, துண்டால் கட்டி, அந்த மழையில் அத்தனை தூரம் ஓட்டி வந்திருக்கிறாய். வாசலில் காவலுக்கு நின்றவர் உன்னை மறித்தார்.

"சாப்பாடெல்லாம் இந்நேரத்துல உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா."

"இது சாப்பாடு இல்லண்ணே, சாட்சி" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு உள்ளே வந்தாய்.

சட்டியை டாக்டரின் மேஜை மேல் வைத்தாய். பெரிய டாக்டரும் வந்துவிட்டார். அவர் முன்னால் கையை விட்டு அந்த எலும்பை எடுத்து, இரண்டு விரலால் அழுத்தி வழுக்கிக் காட்டினாய். அவர் உடனே உள்ளே போனார். கொழுந்தன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உன்னைப் பார்த்ததும்தான் அவர் மிச்சத்தையும் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் குட்டையா, முதுகு சொரசொரன்னு இருந்துச்சு டீச்சர். மண்ணுக்குள்ள கெடக்குற மணல் தவளைன்னு நெனச்சேன். வயிறு பூரா முட்டை. முட்டைதான் சத்துன்னு அந்த முட்டைய அப்புடியே பாப்பாவுக்கு மட்டும் வச்சேன். நான் வெறும் சூப்புத் தண்ணியத்தான் குடிச்சேன்."

அந்தத் தப்பை எங்கள் செம்மண் பக்கத்து ஆள்தான் செய்ய முடியும். முதல் மழைக்கு மண்ணைப் பிளந்துகொண்டு வரும் மணல்தவளையும் தேரை போலவே குட்டையாக, உருண்டையாகத்தான் இருக்கும். தேரையின் நஞ்சு தோலோடு போய்விடுவதில்லை, முட்டையிலும் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் போகாது. இதெல்லாம் எனக்கும் தெரிந்த பாடம்தான். அன்று அது பாடமாக இல்லை.

நீ அவரைத் திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். "ஒங்க பாஸ்போர்ட்டு எங்கயும் போகாது. மொதல்ல எந்திரிச்சு வந்து நீங்களும் ஒரு ஈசிஜி எடுங்க" என்றாய். அவர் குழந்தை மாதிரி உன் பின்னால் வந்தார்.

அந்த ராத்திரியைப் பற்றி எழுதப் போவதில்லை. நீயும் நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். மறுநாள் காலையில் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பாப்பா பசிக்குதுங்குது. இட்லி வேணுமாம்" என்றார். இட்லி என்ற வார்த்தையைக் கேட்டதும் நீ சிரிக்க ஆரம்பித்தாய். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கொழுந்தன் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, பாப்பா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் துபாய் போனார். பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி நீ மூச்சு விடவில்லை. அடுத்த மழைக்கு எங்கள் தெருவில் தேரை தேரையாகத் தேடி உப்பைக் கொட்டினார்கள். நானும்தான் கொட்டினேன். நீ வந்து என் கையிலிருந்த உப்பு டப்பாவைப் பிடுங்கினாய். "அது யாரு சட்டியிலயும் தானா வந்து ஏறலடி. தன்னக் காப்பாத்திக்க அதுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றாய். எனக்கு அன்று உன்னோடு பெரிய சண்டை. ஒரு வாரம் பேசவில்லை. இன்று காலை துடைப்பத்துக்குப் போன கை பாதியில் நின்றது அந்தச் சண்டையால்தான்.

இப்போது என் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஆசிரியர் அறையில், நெஞ்சு கரிக்கிறது, வாயுதான் என்று சொல்லி ஒரு சோடா வாங்கி வரச் சொன்னாயாம். குடித்துவிட்டுக் கடைசி வகுப்பும் எடுத்தாயாம். பாடம் என்ன தெரியுமா, தவளையின் இதயம். மூன்று அறை உள்ளது. பிள்ளைகள்தான் சொன்னார்கள். நான் அன்று மகளைக் கல்லூரியில் சேர்க்க வெளியூர் போயிருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு கடை வாசலில் உட்கார்ந்தவள்தான் நீ, அப்புறம் எழவே இல்லை. எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? தலையைப் பார்த்து, தாடையைத் தடவி, அதுவும் போதாமல் சட்டியின் அடி வரை கையை விட்டுத் துழாவியவள் நீ. கண்ணுக்குப் படாத ஒரு தலைக்காகப் பாதி வழியில் திரும்பி வந்தவள். உன் நெஞ்சை மட்டும் ஏன் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒற்றை வார்த்தையில் ஒதுக்கினாய்? உன்னை நான் மன்னிக்கவில்லை. எனக்கு நீ இல்லாமல் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

தேரையை விட்டுவிட்டு மழையில் நனைந்து அடுப்படிக்குள் வந்தேன். மகள் தீபாவளிக்கு விடுதியிலிருந்து வந்திருக்கிறாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றாள். நான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவளுக்கு இது பழகிவிட்டது. மழைக்காலத்தில் அம்மா இப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னம்மா, தேரையப் பாத்தியா?" என்றாள்.

"ம்."

"நாடி ஓடுதா?"

ஓடியது. ஒரு துடிப்பு, அடுத்தது, அதற்கடுத்தது. எந்த இடத்திலும் ஓட்டை இல்லை.

"கைய விடும்மா, பால் பொங்குது."

விடுகிறேன் என்றேன். விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன், உனக்கும் சேர்த்து.